இது எங்கே பிறந்தது?



கச்சிபௌலியில் எங்கள் சபைக்கு வருகிற குடும்பங்களில் அநேகம், வேலையினிமித்தம் தென்தமிழகத்தை விட்டு வந்தவை. பெற்றோர் தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ பிறந்தவர்கள். பிள்ளைகளோ இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளருகிறவர்கள். "உங்கள் ஊர் எது?" என்று யாராவது கேட்டால் பெற்றோர் ஒரு பதிலும் பிள்ளைகள் வேறொரு பதிலும் சொல்லுகிறார்கள். இந்த வேறுபாட்டை நான் வெகுகாலமாகக் கவனித்து வந்திருந்தும், அதைக்குறித்து நின்று யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். அவன் கேட்ட கேள்வியோ எங்களைப்பற்றியதல்ல. தண்ணீரில் வாழும் ஒரு சிறு பிராணியைப்பற்றியது.

அந்தச் சிறுவனின் தாத்தா கடைசி நான்கு ஆண்டுகளை மகனுடைய வீட்டில் கழித்தார். ஊரில் ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். ஹைதராபாத்தில் அவருக்குப் பேசுவதற்கு ஆளில்லை. ஆகவே வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி வைத்து, பேரனையும் கூட்டிக்கொண்டு மாலைதோறும் அதன்முன் உட்காருவார். 2025 ஜனவரியில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சில வாரங்களில் மீன்களும் ஒவ்வொன்றாய்ச் செத்துப்போயின. தொட்டி வெறுமையாய் நின்றது. பையன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். "பாஸ்டர், அவன் சாப்பிடுகிறான், பள்ளிக்குப் போகிறான், ஆனால் வீட்டிலே இல்லாதவனைப்போல் இருக்கிறான்" என்று அவன் தாய் என்னிடத்தில் சொல்லிக் கண்கலங்கினார்கள்.

மே மாத விடுமுறையில் ஒரு நாள் அந்த வீட்டிற்குச் சென்றேன். பத்தாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் மரங்கள் தெரிந்தன. அதற்கு முந்தின மாதத்தில்தான் அங்கே 400 ஏக்கர் நிலத்தில் இயந்திரங்கள் இறங்கி மரங்களைச் சாய்த்தன; 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த வேலையை நிறுத்திற்று. மரம் விழுந்த அந்த இரவுகளில் பையன் ஜன்னலருகே நின்றுகொண்டு, மான்களும் மயில்களும் எங்கே போகும் என்று தகப்பனிடம் கேட்டானாம். பல வாரங்களுக்குப்பின் அவனாக வாய் திறந்து கேட்ட கேள்வி அதுவே என்று தகப்பன் சொன்னார்.

நான் வெறுந்தொட்டியைக் காட்டி, "தம்பி, இதில் எதை வளர்க்க உனக்கு ஆசை?" என்றேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்து, "நியூட்" என்றான்.

அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவனே விளக்கினான். பார்வைக்குப் பல்லியைப்போல் நான்கு காலும் வாலும் உண்டு. ஆனால் அது பல்லி இனமல்ல, தவளைக்கு உறவானது. செதில் கிடையாது, ஈரத்தோல். முட்டையிலிருந்து வெளிவரும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் இறகுபோன்ற செவுள்கள் இருக்கும். வளர்ந்தபின் செவுள்கள் மறைந்து, அநேக நியூட்கள் சில காலம் நிலத்திலும் சில காலம் நீரிலும் ஜீவிக்கும். சாலமாண்டர் என்கிற பெருங்குடும்பத்தில் அது ஒரு கிளை. தாத்தாவும் அவனும் பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அதன் படத்தைப் பார்த்து, அடுத்த ஆண்டு வாங்கலாம் என்று பேசி வைத்திருந்தார்களாம். இதைச் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தில், யோசியாமல் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். "நான் வாங்கித் தருகிறேன்" என்றேன்.

கொடுத்த வாக்கும் கேட்ட கேள்வியும்

எனக்கு அறிமுகமான ஒருவர் மீனும் பறவையும் விற்கிறவர். அவரும் வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர். மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவரிடத்தில் விசாரித்தேன். "இந்த வாரமே சரக்கு வருகிறது ஐயா. ஜோடி ஆயிரத்தைந்நூறு ரூபாய்" என்றார். ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தேன். காரியம் இத்தனை எளிதாய் முடிந்ததற்காக ஸ்தோத்திரம் பண்ணினேன். கைப்பேசியில் அவர் அனுப்பிய படத்தைப் பையனுக்குக் காட்டி, "சனிக்கிழமை வருகிறது" என்று அறிவித்தேன்.

அவன் படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ தலையை உயர்த்தி, "பாஸ்டர் அங்கிள், இது எங்கே பிறந்தது?" என்று கேட்டான்.

"எங்கே பிறந்தால் என்ன தம்பி?"

"தொட்டியில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்று கேட்டீர்களா?"

நான் கேட்கவில்லை. அப்பொழுதே விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய காரியம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "தொட்டியில் பிறந்ததெல்லாம் நோஞ்சான் ஐயா. இது மலையிலே பிடித்தது. நல்ல பலமான உருப்படி" என்று பெருமையோடு சொன்னார். பையன் அதற்குள் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். பழுப்பு நிறம், தடித்த தலை, முதுகின் இரு பக்கமும் வரிசையாய் எழும்பிய குமிழ்கள். படத்தில் இருந்தது இமயமலை நியூட்.

பிரியமானவர்களே, அதன்பின் நான் வாசித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். தென்னிந்தியாவில் நியூட் இயற்கையாய் எங்கும் இல்லை. இந்தியாவில் இவ்வினம் வாழ்வது டார்ஜிலிங் முதல் அருணாசலப் பிரதேசம், மணிப்பூர் வரையிலான கிழக்கு மலைநாடுகளில் மாத்திரமே. டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரி என்னும் இடத்தில் இதற்காகவே ஒரு சின்னஞ்சிறு சரணாலயம் இருக்கிறது. அந்நகரத்து விலங்கியல் பூங்காவிலும் இதனைக் காப்பில் வைத்துப் பெருக்குகிற முயற்சி நடைபெறுகிறது. அந்தப் பூங்கா பத்மஜா நாயுடுவின் பெயரைத் தாங்கியது. அவர் நம் ஹைதராபாத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் சரோஜினி நாயுடுவின் இல்லத்தில்தான் 1974-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பையனின் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பல்கலைக்கழகம் அதுவே.

ஆனால் பூங்காவில் பெருக்குவது விற்பதற்காக அல்ல. இமயமலை நியூட் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்துக்கொள்ளுவதும் குற்றம். 2019-இல் சைட்டஸ் என்கிற சர்வதேச வர்த்தக உடன்படிக்கையும் இந்த வகை நியூட்கள் அனைத்தையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நான் கொடுத்த ஐந்நூறு ரூபாய் எதற்கு முன்பணம் என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

ஒரு நாள் தாமதம்

உடனே போயிருக்கவேண்டும். போகவில்லை. சனிக்கிழமை சரக்கு வந்ததென்று அவர் செய்தி அனுப்பியபோது, மறுநாள் ஆராதனைக்கு ஆயத்தமாகவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அதுவல்ல. ஒரு ஏழையின் பிழைப்பில் கைவைக்க எனக்குக் கூச்சமாயிருந்தது. சட்டம் தெரியாமல் முன்பணம் கொடுத்த போதகர் என்று பேர் வாங்கவும் வெட்கமாயிருந்தது. ஆராதனை முடிந்த பிறகும் போகவில்லை. திங்கட்கிழமை காலையில்தான் போனேன்.

கடைக்குப் பின்னால் தெர்மோகோல் பெட்டியொன்று திறந்து கிடந்தது. பன்னிரண்டு வந்ததில் ஏழு செத்துப்போயிருந்தன. குளிர்ந்த மலைக்குளங்களில் வாழுகிற பிராணி அது. ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் தகரக் கூரையின்கீழ் இரண்டு நாள் இருந்திருக்கிறது. மீதமிருந்த ஐந்தும் ஈரச் சாக்கின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒடுங்கிக் கிடந்தன. நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதே நல்லது, நானே கூட வருகிறேன் என்றேன். அவர் தலையசைத்து, மாலையில் போகலாம் என்றார். மாலையில் போனபோது பெட்டி இல்லை. "யாரோ ஒருவர் மொத்தமாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார் ஐயா" என்றார். அன்றே வனத்துறைக்குத் தகவல் கொடுத்தேன். ஆனால் அந்த ஐந்தையும் திரும்பக் காணமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலாவது போயிருந்தால் ஒருவேளை காரியம் வேறாயிருந்திருக்கும். இதை நான் வேறு ஒருவர்மேலும் சாட்டமுடியாது.

அன்று இரவு பையனிடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், தாமதித்ததையும் சேர்த்து. அவன் கோபப்படுவான் என்று எண்ணினேன். "ஏழா?" என்று மாத்திரம் கேட்டான். பின்பு, "நீங்கள் சின்ன வயதில் எதையாவது வளர்த்தீர்களா, அங்கிள்?" என்றான்.

பனைமரத்துப் பொந்து

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் ஒருவரிடத்திலும் சொல்லாத காரியத்தை அவனிடத்தில் சொல்லவேண்டியதாயிற்று. எங்கள் ஊர் பனங்காட்டு ஊர். தலை பட்டுப்போன பனைகளில் கிளிகள் பொந்து பார்த்து முட்டையிடும். பதினொரு வயதில் நான் ஒரு மரத்தில் ஏறி, பொந்துக்குள் கைவிட்டு மூன்று குஞ்சுகளை எடுத்து வந்தேன். தாய்க்கிளி என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. ஒரு வாரத்திற்குள் இரண்டு குஞ்சுகள் செத்தன. மூன்றாவது பிழைத்தது, ஆறு ஆண்டுகள் எங்கள் திண்ணையில் கூண்டில் இருந்தது. நாங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளையெல்லாம் பேசிற்று. ஆனால் அது ஒரு நாளும் பறந்ததில்லை. ஊரார் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். நானும் அப்படியே எண்ணிக்கொண்டேன்.

பின்னாளில் வேதாகமக் கல்லூரியில் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தைப் படித்தபோது, வழியிலே பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் பிடிக்கலாகாது என்னும் கட்டளையைக் குறித்துத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். எடுக்கிறவனுடைய கைக்கு ஓர் எல்லை உண்டு, அடுத்த தலைமுறை வரும் வழியை அவன் அடைத்துவிடக்கூடாது என்று விளக்கமும் எழுதினேன். என் திண்ணைக் கூண்டு அப்பொழுது என் ஞாபகத்தில் வரவேயில்லை. அன்று இரவு, ஒரு சிறுவனுக்கு முன்பாகத்தான் அது வந்தது.

விலை ஏன் குறைவு?

பிறகு சில மாதங்கள் நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். அவன் ஆசிரியன், நான் மாணவன். முதலாவது நான் கேட்டது: காட்டில் பிடித்தது ஏன் இத்தனை மலிவு, வளர்ப்பில் பிறந்தது ஏன் இத்தனை அரிது?

அதன் காரணம் எளியது. நியூட்கள் இனப்பெருக்கக் காலத்தில் நிலத்தைவிட்டுக் குளங்களுக்கு வந்து கூடும். பிடிக்கிறவனுக்கு அப்பொழுது ஒரு வலையே போதும். ஒரே நாளில் ஒரு குளத்தையே வெறுமையாக்கிவிடலாம். அப்படிக் கொண்டுபோகப்படுகிறவை அனைத்தும் முட்டையிடப்போகிற தாய்தகப்பன்மாரே. வளர்ப்பில் பெருக்குகிறவனுக்கோ அப்படியல்ல. பல வகைகளில் தாய் நியூட் ஒவ்வொரு முட்டையாக நீர்ச்செடியின் இலையில் வைத்து மடித்து ஒட்டுகிறது. அவற்றைச் சேதமின்றி எடுக்கவேண்டும். குஞ்சு வெளிவந்தால் கண்ணுக்கு அரிதாய்த் தெரிகிற உயிருள்ள இரையை நாள்தோறும் கொடுக்கவேண்டும். ஒன்றையொன்று கடித்துவிடாதபடி பிரிக்கவேண்டும். செவுள் மறைந்து நிலத்திற்கு ஏறுகிற பருவம் இன்னும் கடினம். அநேகம் அப்பொழுதுதான் செத்துப்போகும். இத்தனையும் கடந்து விற்கத்தக்க அளவுக்கு வர மாதங்கள் ஆகும். மலிவு விலையில் இந்த உழைப்பு அடங்காது. அந்த வேலையை மலையிலுள்ள குளம் கூலியின்றிச் செய்து முடித்தது. அதைத்தான் நாம் மலிவாய் வாங்குகிறோம்.

இது இமயமலையில் மாத்திரம் நடக்கிற காரியமல்ல. சீனாவிலுள்ள நெருப்பு வயிற்று நியூட் 2001 முதல் 2009 வரை அமெரிக்காவுக்கு மாத்திரம் 20 லட்சத்திற்கும் அதிகமாய் இறக்குமதியாயிற்று. அவற்றில் பெரும்பகுதி குளங்களில் பிடிக்கப்பட்டவை. அப்படிப் போகிற ஆசிய நியூட்கள் தங்கள் தோலில் ஒரு பூஞ்சையையும் சுமந்துசென்றன. அது அவற்றை அதிகமாய் வருத்துவதில்லை. ஆனால் ஐரோப்பாவின் சாலமாண்டர்களுக்கு அது கொள்ளைநோயாயிற்று. நெதர்லாந்தில் 2010-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் நெருப்புச் சாலமாண்டர்கள் நூற்றுக்கு நான்கு என்னும் அளவுக்குக் குறைந்துபோயின. 2013-இல்தான் விஞ்ஞானிகள் அந்தப் பூஞ்சையைக் கண்டறிந்து பெயரிட்டார்கள். 2016-இல் அமெரிக்கா இருபது பேரினங்களைச் சேர்ந்த 201 சாலமாண்டர் வகைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது.

நற்செய்தியும் உண்டு. ஈரான் தேசத்தின் ஜாக்ரோஸ் மலையில், கறுப்பும் வெள்ளையும் கிச்சிலி நிறமுமாய்க் கைசர் நியூட் என்று ஒன்று இருக்கிறது. அதன் அழகே அதற்குக் கண்ணியாயிற்று. ஓடைகளிலிருந்து வெளிநாட்டுக்குப் போயிற்று. பொறுமையுள்ள வளர்ப்பாளர்கள் சிலர் அதைத் தொட்டியில் பெருக்கக் கற்றுக்கொண்டார்கள். 2010-இல் சைட்டஸ் உடன்படிக்கை காட்டில் பிடித்த கைசர் நியூட்டின் சர்வதேச வியாபாரத்தைத் தடுத்தது. இன்று அயல்நாடுகளில் அதை விரும்புகிறவர்களுக்கு, தொட்டியில் பிறந்த குஞ்சுகள் கிடைக்கின்றன. யாரும் அந்த ஓடைக்குப் போகவேண்டிய அவசியமில்லை.

எப்படி அறிவது?

சபையில் வேறு சில பிள்ளைகளும் மீன், பறவை, ஆமை என்று கேட்கத் தொடங்கியிருக்கிறபடியால், நாங்கள் கற்றுக்கொண்டதைப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலாவது, நம் நாட்டுக் காட்டுப் பிராணியானால் "வளர்ப்பில் பிறந்தது" என்று சொல்லுவதை நம்பி வாங்கவேண்டாம். இமயமலை நியூட், பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை ஆகிய இவைகளை வீட்டில் வைக்க நமக்கு உரிமையே இல்லை. கிளி ஜோசியக்காரனிடத்தில் இருக்கிறதே என்பது நியாயமாகாது.

இரண்டாவது, அயல்நாட்டுப் பிராணியானால் அது பிறந்த இடத்தைக் கேளுங்கள். உண்மையாய் வளர்க்கிறவர் தாய்தகப்பனைக் காட்டுவார். முட்டையிட்ட தேதியைச் சொல்லுவார். சிறியதும் பெரியதுமாய்க் குஞ்சுகளைக் காட்டுவார். என்ன இரை தின்னப் பழகியிருக்கிறது என்று தின்ன வைத்தே காட்டுவார். எல்லாம் ஒரே அளவில் முழுவளர்ச்சி பெற்றவையாய், வருஷத்தின் ஒரே காலத்தில் பெட்டிபெட்டியாய் வருமானால், அவை மெலிந்தும் தோலில் புண்ணோடும் இருக்குமானால், அவை எங்கேயோ வலையில் சிக்கியவை என்று சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, காகிதத்தைக் கேளுங்கள். வனவிலங்குச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபோது, சைட்டஸ் பட்டியலிலுள்ள உயிரினங்களுக்கென்று ஒரு அட்டவணை சேர்க்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவைகளை வைத்திருக்கிறவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவேண்டும். கைமாறினாலும், குஞ்சு பிறந்தாலும், செத்தாலும் தெரிவிக்கவேண்டும். காகிதத்தைக் கேட்டவுடன் முகம் மாறுகிற வியாபாரியிடத்தில் நமக்கு வேலையில்லை.

குளம் நிறைந்துவிடாது

பையன் கடைசியில் தேர்ந்துகொண்டது நியூட்டின் உறவான ஆக்சலாட்டில். மெக்சிகோ தேசத்துச் சாலமாண்டர். தன் வாழ்நாள் முழுவதும் செவுளோடு தண்ணீரிலேயே இருக்கும். கால் ஒன்று போனாலும் மறுபடி முளைக்கும். 1860-களில் சில ஆக்சலாட்டில்கள் பாரிஸ் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே முட்டையிட்டுப் பெருகின. இன்று உலகெங்கும் ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்தச் சிறு கூட்டத்தின் சந்ததியே. காட்டில் பிடித்ததை யாரும் விற்கவேண்டிய தேவையில்லை.

இதைக் கேட்டு நான் நிம்மதியடைந்தேன். பையன் விடவில்லை. அதன் சொந்த ஊரான சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6,000 ஆக்சலாட்டில்கள் இருந்தன என்றும், 2014-இல் 36 மாத்திரமே இருந்தன என்றும் வாசித்துக் காட்டினான். மாசடைந்த நீரும், கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் அதற்குக் காரணங்கள். "தொட்டிகளில் இத்தனை இருந்தும் அங்கே இல்லையே, அங்கிள்" என்றான்.

நான் பதில் சொல்ல நேரமாயிற்று. எங்கள் ஊர்க் குளம் எனக்கு முன்பாக வந்து நின்றது. நாங்கள் அங்கிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவர்கள். எங்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். இந்த மண்ணும் இந்தத் தண்ணீரும் அவர்களுக்கு அந்நியமல்ல, நன்றாய் வளருகிறார்கள். அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் இங்கே நாம் செழித்திருக்கிறோம் என்பதினால் ஊரிலே தூர்ந்துபோன குளம் நிறைந்துவிடாது. அங்கே தனித்திருக்கிற முதியோருக்குத் துணை கிடைத்துவிடாது. வளர்ப்பில் பிறந்ததை வாங்குகிறவன் காட்டிலிருந்து எடுக்காமல் தன் கையைக் காத்துக்கொள்ளுகிறான், அது அவசியம். காட்டுக்கு அவன் எதையும் திரும்பக் கொடுத்துவிடவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றென்று நான் எண்ணியிருந்தேன். ஒன்றல்ல.

இன்னும் சில மாதங்கள் காத்திருந்தோம். தண்ணீர் இருபது டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும் என்பதால் குளிர்விக்கும் கருவி வாங்க வேண்டியதாயிற்று. மின்கட்டணத்தைக் கணக்குப் பார்த்த தகப்பன், "பாஸ்டர், இது எனக்கே ஏசி போட்டதைவிட அதிகம்" என்று சிரித்தார். மே மாதத்தில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு செய்தார்கள். இந்தச் செலவையும் பொறுப்பையும் தாங்கக்கூடாதவர்கள் வாங்காதிருப்பதே அந்தப் பிராணிக்குச் செய்யும் நன்மை. 2025 டிசம்பரில், பெங்களூருவில் வீட்டிலேயே வளர்த்துப் பெருக்குகிற ஒருவரிடமிருந்து, பதிவுக் காகிதங்களோடு இரண்டு குஞ்சுகள் வந்தன. மலைக்குளத்து நியூட்டுக்கு நான் பேசிய விலையைப்போல் மூன்று மடங்கு. எட்டு மாதத்துப் பிள்ளைகள் என்று வளர்த்தவர் தேதி எழுதிக் கொடுத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த வீட்டிற்குப் போனேன். தாத்தாவின் நாற்காலியைத் தொட்டிக்கு முன்பாக மறுபடியும் போட்டிருந்தார்கள். பையன் தட்டில் ரத்தப்புழுக்களை வைத்துக்கொண்டு நின்றான். நான் கேளாமலே பேசிக்கொண்டிருந்தான். தொட்டியின் கண்ணாடியில் ஒரு சிறு அட்டை ஒட்டியிருந்தது. அவைகளின் பெயர், பிறந்த தேதி, "பிறந்த இடம்: பெங்களூரு" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதி, "பிறந்த இடம்: கச்சிபௌலி" என்று சேர்த்திருந்தான். அதற்கும் கீழே, வேறு மையினால், தாத்தாவின் பெயரும் அவருடைய கிராமத்தின் பெயரும் இருந்தன.

"உங்கள் ஊர் பெயரையும் சொல்லுங்கள் அங்கிள், எழுதிவிடுகிறேன்" என்றான்.

சொன்னேன். அதை எப்படி எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி நானே எழுதினேன்.